ஒதுங்க வந்த மான்கள்

ஹேசல் ரிட்ஜ், ஒஹாயோ
நவம்பர் 3, 1999

நேடின்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் போட்டுவிடாதே. போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய் என்று தெரியும். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாம் பேசவில்லை என்பதை நானும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் காட்டைப் பற்றியது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏழு ஏக்கர், அம்மா நம் இருவர் பெயருக்கும் எழுதிவைத்தது. ஊரில் மான்கள் பெருத்துவிட்டன. நீ இங்கே இருந்தபோது விடியற்காலையில் எப்போதாவது ஒன்று கண்ணில் படும், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். இப்போது பட்டப்பகலில் பள்ளிக்கூட வாசலில் கூட்டமாக நிற்கின்றன. பஸ் ஹாரன் அடித்தாலும் நகர்வதில்லை. ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் வாசலில் செதுக்கி வைத்த பூசணிக்காய்களை அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டன. அது சிரிக்கிற சமாசாரம். சாலையில் நடப்பது அப்படி இல்லை.

டவுன்ஷிப் நிர்வாகக் கூட்டம் நடந்தது. தலைவி டார்லா கிம்மல், பழைய தபால்காரரின் மகள், உனக்கு நினைவிருக்கலாம். குளிர்காலத்தில் தேர்ந்த துப்பாக்கிக்காரர்களை வைத்து, மாலை நேரத்தில், குறிப்பிட்ட சில இடங்களில் மான்களைச் சுட்டுக் குறைப்பது என்று திட்டம். கறி சர்ச்சுக்குப் போகும், வாரந்தோறும் அவர்கள் போடும் இலவசச் சாப்பாட்டுக்கு. எதிர்ப்பும் பலமாக இருந்தது. மூலைவீட்டு க்ளென் ஃபேர்லி எழுந்து கத்தினார்.

"ஏன் டார்லா, இன்னைக்கு மானு. நாளைக்கு யாரு? எங்க வீட்டு நாயா?"

"உங்க நாய் இதுவரைக்கும் யாரு கார் மேலயும் பாயலையே க்ளென். பாஞ்சா அப்பப் பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். க்ளென் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய காடு நம்முடையது. பகலில் மான்கள் படுப்பது அங்கேதான். அங்கே சுட வேண்டுமானால் உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதம் உள்ளே இருக்கிறது. உன் இடம் காலியாக இருக்கிறது.

லோவெல்


டூசான், அரிசோனா
நவம்பர் 14, 1999

லோவெல்,

பிரித்தேன். படித்தேன். என் பதில், முடியாது.

உன் கடிதத்தில் என்னைச் சுட்டது துப்பாக்கி இல்லை. "நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்ற வரி. நீ முதலில் முடிவெடுப்பாய். பிறகு தகவல் சொல்வாய். அம்மாவை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்ததும் இப்படித்தான். அவளைக் கொண்டுபோய் விட்டு, அவளுடைய செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் செய்தாய். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். சாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற நர்ஸ். முன்பின் தெரியாதவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்கிறேன். என்னைப் பெற்றவள் யாரோ ஒருத்தியின் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மான்களுக்கு வருகிறேன். அவை பெருத்தது அவை செய்த குற்றமா? காட்டை வெட்டித் தெருக்கள் போட்டோம். ஓநாயை ஒழித்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரோஜாவும் ஹோஸ்டாச் செடியும் நட்டு, தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, பந்தி விரித்தோம். வந்து சாப்பிட்டால் சுடுவோம் என்கிறோம். விருந்துக்குக் கூப்பிட்டவன் செய்கிற காரியமா இது?

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் இடம் காலியாகவே இருக்கட்டும்.

நேடின்


ஹேசல் ரிட்ஜ்
நவம்பர் 27, 1999

நேடின்,

அம்மா விஷயத்தை இதில் எழுத எனக்கு விருப்பமில்லை. எழுத வராது.

மான்களைப் பற்றி நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஓநாய் உட்பட எல்லாம் உண்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டேன். யாரிடமும் நான் அதைப் பேசியதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஷெல்பி ரோடன் என்று ஒரு பெண். மழலையர் பள்ளி ஆசிரியை, நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அக்டோபரில் ஒரு சாயங்காலம் மகளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு கடையிலிருந்து வந்திருக்கிறாள். நம் காட்டோரத்து வளைவில் ஒரு பெண்மான் பாய்ந்து, முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டது. தீயணைப்புத் தொண்டர்களில் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்.

முன்கதவு திறக்கவில்லை. பின்பக்கமாக நுழைந்தேன். குழந்தைக்கு நான்கு வயதிருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்து, ரொம்பப் பொறுமையாக, "அம்மா மேல மான் படுத்துருக்கு. எழுந்திரிக்கச் சொல்லுங்க" என்று சொன்னாள்.

மானுக்கு உயிர் இருந்தது. உதைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உதையும் ஷெல்பி மேல் விழுந்தது. குழந்தையை வெளியே கொடுத்துவிட்டு அந்த மானை என் கையால் முடித்துவைத்தேன். அதற்கும் வலித்திருக்கும், நேடின். அது என் கண்ணைப் பார்த்தது. ஷெல்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

நேற்று முன்தினம் தாங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கு டார்லா வீட்டில் கூப்பிட்டார்கள். போனேன். சாப்பிட உட்கார முடியாமல் திரும்பிவிட்டேன்.

காகிதத்தை மறுபடியும் வைக்கிறேன்.

லோவெல்


டூசான்
டிசம்பர் 8, 1999

லோவெல்,

உன் கடிதத்தை நோயாளி வீட்டு வாசலில், காருக்குள் உட்கார்ந்து படித்தேன். உள்ளே போக நேரமாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, என் அண்ணனுக்குத்தான் என்று சொன்னேன். உன்னை அண்ணன் என்று வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாகிறது.

அந்தக் குழந்தையின் பெயர் என்ன?

ஆனாலும் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. இது உனக்கு எப்படிப் படும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பெண்மான்களை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, குட்டி போடாமல் அறுவை செய்து விடுகிறார்கள் என்று படித்தேன். அதை யோசித்தீர்களா? சாலையோரம் வேலி போடலாமே. வேகத்தைக் குறைக்கலாமே. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வந்து கேட்டால் பேசுவேன். உனக்கு எப்போதும், கஷ்டப்படுகிற ஒன்றைப் பார்த்தால் அதை முடித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்குப் பக்கத்தில் உட்காரத் தோன்றும்.

ஊர் முழுக்க அவற்றைச் சுடுவார்கள் என்றால், நம் காடாவது அவற்றுக்கு ஒதுங்க ஓர் இடமாக இருக்கட்டும்.

நேடின்


ஹேசல் ரிட்ஜ்
ஜனவரி 19, 2000

நேடின்,

குழந்தையின் பெயர் கோரா. அப்பாவோடு இண்டியானாவில் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்கள் வீடு விற்பனைக்கு நிற்கிறது.

நீ கேட்டதை மாநில வனவிலங்கு அதிகாரியிடம் கேட்டேன். ஆர்டிஸ் என்று ஒரு பெண்மணி. நிதானமானவர், யாரையும் மட்டம் தட்டிப் பேசாதவர். "தீவு மாதிரி இடத்துல செய்யலாங்க. இங்க நாம ஒண்ணைப் பிடிச்சு ஆபரேஷன் பண்றதுக்குள்ள பக்கத்து ஊர்லேருந்து நாலு நடந்து வந்துரும். அப்படியே பண்ணாலும், ஏற்கனவே இருக்கறதுங்க பத்து வருஷம் தின்னுக்கிட்டுதானே இருக்கும்?" என்றார். வளைவில் வேகத்தைக் குறைக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். யாரும் குறைப்பதில்லை.

புத்தாண்டு முடிந்ததும் தொடங்கிவிட்டார்கள். கோல்ஃப் மைதானம், நீர்த்தேக்கம், சர்ச் நிலம். நம் காடு மட்டும் இல்லை. மான்களுக்குப் புரிய இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எல்லாம் இங்கே வந்துவிட்டன. சமையலறை ஜன்னலில் நின்றால் மரத்துக்கு மரம் காதுகள் தெரிகின்றன. சுடுகிறவர்களில் மூத்தவர் டெனிஸ் கோவாச், வேலிப்பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க எல்லையத் தாண்டிட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சுபோச்சு சார். அங்க நின்னு திரும்பிப் பாக்குது."

நான் இப்போது இரண்டு பக்கமும் கெட்டவன். நம் கதவில் யாரோ சிவப்புப் பெயின்டில் கொலைகாரன் என்று எழுதிவிட்டுப் போனார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்று கேள்விப்பட்டிருக்க வேண்டும். அதைச் சுரண்டி எடுக்க ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கரைப்பான் வாங்கப் போனேன். அங்கே ஷெல்பியின் மைத்துனன் நின்றிருந்தான்.

"மொத்த மானும் உங்க காட்டுலதான் பதுங்கியிருக்கு, லோவெல். ஏன் விட மாட்டேங்கறீங்க? இன்னொருத்தி சாகணுமா?"

கரைப்பானை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை.

லோவெல்


டூசான்
ஜனவரி 30, 2000

லோவெல்,

சொல்லியிருக்கலாம். இனி யாராவது கேட்டால், டூசானில் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் என்று சொல். என் முகவரியையும் கொடு. என் பிடிவாதத்துக்கு நீ திட்டு வாங்க வேண்டாம்.

கதவைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ராத்திரி கதவைத் தாழ்போட்டுக்கொள்.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மரத்துக்கு மரம் காதுகள் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலையிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவை எப்படி இருக்கின்றன? எழுது.

நேடின்


ஹேசல் ரிட்ஜ்
பிப்ரவரி 13, 2000

நேடின்,

எப்படி இருக்கின்றன என்று கேட்டாய்.

பனி முழங்காலுக்கு விழுந்தது. அதன்மேல் மழை பெய்து உறைந்துவிட்டது. மேலே கண்ணாடி மாதிரி ஓடு. மான் கால் வைத்தால் உடைந்து உள்ளே போகிறது, விளிம்பு காலை அறுக்கிறது. போகிற தடமெல்லாம் ரத்தப் பொட்டு. அதனால் அவை நடப்பதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

காட்டில் தின்ன ஒன்றும் இல்லை. பின்னங்காலில் எழுந்து நின்றால் வாய் எட்டுகிற உயரம் வரைக்கும் ஓர் இலை, ஒரு சுள்ளி, ஒரு மொட்டு கிடையாது. கத்தரியால் நறுக்கினதுபோல் காடு முழுக்க ஒரே கோடு. கோட்டுக்குக் கீழே நூறடி தூரம் தெளிவாகத் தெரிகிறது. ஹெம்லாக் மரக்கன்றுகள் போய்விட்டன. பெரிய மரங்களின் பட்டையை உரித்திருக்கின்றன. நேற்று ஒன்று நம் தோட்டக் கொட்டகையின் பலகையை நக்கிக்கொண்டிருந்தது.

போன வருஷத்துக் குட்டிகள்தான் முதலில் விழுகின்றன. அம்மா மான் எட்டித் தின்பதைக் குட்டியால் எட்ட முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம். விறகுக் குவியல் பக்கத்தில் ஒன்று வந்து படுத்தது. நான் கிட்டப் போனேன். தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. முதுகெலும்பில் முடிச்சு முடிச்சாக எண்ணலாம்போல இருந்தது. சத்தமே இல்லை. இதில் எனக்குத் தாங்காதது அந்தச் சத்தமில்லாமைதான். மறுநாள் காலையில் பார்த்தபோது பனி அதன் கண்ணில் கரையாமல் கிடந்தது.

சுடுவதற்கான பருவமும் முடிந்துவிட்டது. நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

லோவெல்


டூசான்
பிப்ரவரி 18, 2000

லோவெல்,

ஏதாவது போடு. உன்னைக் கெஞ்சுகிறேன். வைக்கோலோ சோளமோ எது கிடைக்கிறதோ அதைப் போடு. உன் முதுகுவலி எனக்குத் தெரியும். கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் தெரியும். இங்கே வெளியே எலுமிச்சை மரம் பூத்து நிற்கிறது, நான் உள்ளே உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அவற்றைப் பட்டினி போடவா நான் முடியாது என்று சொன்னேன்?

நேடின்


ஹேசல் ரிட்ஜ்
மார்ச் 1, 2000

நேடின்,

போட்டேன். மக்காச்சோளம். மூட்டைகளைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் கொட்டினேன். வந்தன. நான் நிற்கும்போதே வந்தன. ஒன்று என் கோட்டுக் கையை முகர்ந்து பார்த்தது. அன்று ராத்திரி, ஷெல்பி செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால் சோளம் கொட்டிய இடத்தைச் சுற்றிச் செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை. ஆர்டிஸைக் கூப்பிட்டேன். வந்து ஒன்றை அறுத்துக் காட்டினார். வயிறு முழுக்கச் சோளம், தோல்கூட உரியாமல்.

"மாசக்கணக்கா சுள்ளியும் பட்டையும் தின்ன வயிறுங்க இது. திடீர்னு சோளம் விழுந்தா செரிக்கத் தெரியாது. உள்ளயே புளிச்சு நஞ்சாயிடும். வயிறு நெறையத்தான் செத்துருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"யாருக்குமே தெரியாது. வருஷாவருஷம் நல்ல மனசுக்காரங்கதான் போடறாங்க" என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தொடாமல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ சொன்னதால்தான் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்தபோது மூட்டைகள் ஏற்கெனவே கார் கொட்டகையில் இருந்தன.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

லோவெல்


டூசான்
மார்ச் 20, 2000

லோவெல்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் நீ என் பெட்டியைத் தூக்கக் கூடாது என்று சொன்னேன், கேட்கவில்லை. முதுகுக்கு ஒத்தடம் கொடு.

சொல்லாமல் வந்து நின்றதற்கு நீ ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, "பூட்ஸ் கொண்டுவந்தியா?" என்றாய். அவ்வளவுதான். அதற்கு நன்றி.

அந்த மூன்று நாளும் நாம் செத்த மான்களை இழுத்து வண்டியில் ஏற்றினோம். செத்தவர்களை நான் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி உடுத்தியிருக்கிறேன். எடை எனக்குப் புதிதில்லை. ஆனால் அவை எடையே இல்லாமல் இருந்தன. குட்டிகளை ஒரு கையால் தூக்க முடிந்தது. எனக்குப் புதிது அதுதான்.

மூட்டைகள் ஏற்கெனவே இருந்தன என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. நம்புவதாக வைத்துக்கொள்கிறேன்.

கடைசி நாள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவைப் பற்றிக் கேட்டேன். நீ கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, அப்புறம் சொன்னாய்.

"அம்மாவைத் தூக்க முடியல, நேடின். பாத்ரூம்ல விழுந்துட்டா. என் முதுகு பிடிச்சுக்கிச்சு. தீயணைப்புப் பசங்களைத்தான் கூப்பிட வேண்டியதாப் போச்சு. என்கூட வேலை பாக்கறவங்க. அம்மா உடம்புல துணி இல்ல. அவங்க தூக்கும்போது அவ கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம், 'நேடினுக்குச் சொல்லாதே. வேலைய விட்டுட்டு ஓடி வருவா. என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுரு'ன்னா."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லாதேன்னு சொன்னாளே."

விமானத்தில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் நூற்றுக்கணக்கான குடும்பங்களிடம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தூக்க முடியுமா என்று எத்தனை பேரிடம் கேட்டேன் என்று நினைவில்லை. இனி கேட்பேன்.

காகிதம் உள்ளே இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. சுடுவது சரி என்று நான் நினைக்கிறேன் என்று அர்த்தமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். ஒரு நிபந்தனை. நம் காட்டில் சுடும்போது நானும் அங்கே இருப்பேன்.

நேடின்


ஹேசல் ரிட்ஜ்
நவம்பர் 12, 2000

நேடின்,

ஜனவரி இரண்டாம் வாரம் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு சாயங்காலம். நீ வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. இங்கே யாரும் உன்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் கூட்டத்தில் மறுபடி சண்டை. க்ளென் ஃபேர்லி என்னைப் பார்த்துக் கேட்டார்: "போன வருஷம் உங்க காட்டுல கூடாதுன்னீங்க. இப்ப என்ன ஆச்சு?"

"என் தங்கச்சியும் நானும் செத்ததையெல்லாம் அள்ளினோம், க்ளென். உங்க வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா எங்க காடு தெரியும். நீங்க திரையைப் போட்டுக்கிட்டீங்க."

அப்படிச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னிடம் வந்தார். "திரையப் போட்டது நெஜம்தான். எனக்குப் பாக்க முடியல" என்றார். பிறகு, "இன்னமும் இது தப்புன்னுதான் சொல்லுவேன்" என்றார். "சொல்லுங்க, யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றேன். கை குலுக்கினோம். கதவில் எழுதியது அவர் இல்லை என்று அப்போது தோன்றியது. ஏனோ அதில் ஒரு நிம்மதி.

நீ வருவதாக இருந்தால் மெத்தை போட்டு வைக்கிறேன். தடித்த காலுறை கொண்டு வா.

லோவெல்


டூசான்
ஜனவரி 24, 2001

அன்புள்ள லோவெல்,

நீ பேசுகிறவன் இல்லை, நானும் அங்கே இருந்தபோது பேசவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் காட்டில் சுட்ட சாயங்காலம் நீ வீட்டுக்குள் இருந்தாய். நான்தான் உன்னை வர வேண்டாம் என்றேன். கோவாச் பக்கத்தில், வண்டியின் பின்பலகையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மான்களை வரவைக்க அவரும் சோளம்தான் கொட்டியிருந்தார், இரண்டு கை அளவு. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்தன. முன்னால் வந்தது ஒரு பெரிய பெண்மான். தின்றது. தலையைத் தூக்கியது. புத்தகத்தை மூடுவது மாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் கேட்டபோது அது ஏற்கெனவே கீழே கிடந்தது. மற்றவை திரும்பிப் பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கின.

இருபத்தாறு வருஷமாக நான் மரணங்களைப் பார்க்கிறேன். இவ்வளவு சீக்கிரமானது ஒன்றுகூட இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லை. ஆனால் கண்ணை மூடவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

கோவாச் நடுவில் ஒரு தடவை, "நீங்க இறங்கிப் போறதா இருந்தா போங்கம்மா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். நான், "நீங்க எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டேன். "சில நாள் தூங்கறேன்" என்றார்.

சர்ச் அடித்தளத்துக்கு நாம் பெட்டிகளைக் கொண்டுபோனோமே, நீ கீழே வராமல் வண்டியில் இருந்துவிட்டாய். கரண்டி பிடிக்க ஆள் குறைகிறது என்றார்கள், நின்றேன். உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக் கறிக்குழம்பு. ஓர் அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்தாள், மருத்துவமனைச் சலவைக்கூடத்து உடுப்போடு. தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இது என்ன கறிங்க?"

"மான்."

"வேட்டைக்காரங்க குடுத்ததா?"

வேறு பதில் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்: "இல்ல. எங்க வீட்டுக்குப் பின்னாடி இருந்து."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "சிந்தாம சாப்பிடணும். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது" என்றாள். அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. நடுப்பிள்ளை ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றது.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஷெல்பி ரோடன் திரும்பி வரப்போவதில்லை. நாம் பட்டினி போட்டவையும் வரப்போவதில்லை. சொல்ல வந்தது வேறு.

கிளம்புகிற அன்று வனவிலங்கு அதிகாரி ஆர்டிஸ் என்னிடம் சொன்னார், இது ஒரு வருஷத்து வேலை இல்லை என்று. விட்டால் நான்கு குளிர்காலத்தில் பழையபடி ஆகிவிடுமாம். ஒவ்வொரு ஜனவரியும் யாராவது செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

அடுத்த ஜனவரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கடுத்த ஜனவரிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். காகிதத்தைத் தபாலில் அனுப்பாதே. நான் வருகிறேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரே பேனாவால், இரண்டு பேரும் சேர்ந்து போடுவோம்.

உன்
நேடின்